பாதுகாப்புக் கொடுத்த நாடு மூட்டை கட்டும்போது: சூயஸுக்குக் கிழக்கே நடந்த கதை

கேள்வி இது: "அமெரிக்கா தன் பாதுகாப்புக் கொள்கையை மாற்றிக்கொண்டே போகிறது. எழுபது எண்பது வருடமாக அதை நம்பியிருந்த ஐரோப்பிய நாடுகள், தென் கொரியா, ஜப்பான் எல்லாம் இனி என்ன ஆகும்? நட்பு நாடு என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறதா?"

இன்றைய செய்திகளை வைத்து இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கதை பாதியில் நிற்கிறது. அதனால் முடிவு தெரிந்த ஒரு பழைய கதையை எடுத்துக்கொள்கிறேன். 1968 ஜனவரியில் பிரிட்டன், சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இருந்த தன் படைகளை 1971-க்குள் திரும்ப அழைத்துக்கொள்வதாக அறிவித்தது. சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, வளைகுடா நாடுகள் எல்லாமே அந்த ஒரு அறிவிப்பில் மாட்டின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வெளியே வந்தது. இன்று நாம் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே பதில் இருக்கிறது.

முதலில் ஒன்று. பிரிட்டன் சும்மா வாய்வார்த்தை கொடுத்த நாடு இல்லை. 1957-ல் மலாயா சுதந்திரம் பெற்றபோது போட்ட பாதுகாப்பு ஒப்பந்தம், 1963-ல் மலேசியா உருவானதும் சிங்கப்பூர், சபா, சரவாக்குக்கும் நீண்டது. அதே வருடம் இந்தோனேசியாவின் சுகர்னோ மலேசியாவை எதிர்த்து மோதலைத் தொடங்கியபோது, போர்னியோ காடுகளில் பிரிட்டிஷ் வீரர்களும் கூர்க்காக்களும் உண்மையிலேயே சண்டை போட்டார்கள். உச்சத்தில் அந்த வட்டாரத்தில் 50,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் படையினர் இருந்தார்கள். 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதைச் சிங்கப்பூர் கண்ணால் பார்த்தது. பின்னால் வந்த அதிர்ச்சி அவ்வளவு பலமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் தேதிகளைக் கவனியுங்கள். 1966 பிப்ரவரியில் வந்த பாதுகாப்பு வெள்ளை அறிக்கை, தெற்கு அரேபியத் துறைமுகமான ஏடனை 1968-க்குள் விட்டுவிடுவோம், ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்த அரசுகள் ஏற்கத்தக்க நிபந்தனைகளோடு சம்மதிக்கும்வரை தளங்களை வைத்துக்கொள்வோம் என்றது. 1967 ஜூலையில் வந்த அடுத்த அறிக்கை, படையைப் பாதியாகக் குறைத்து 1970-களின் நடுவில் முழுவதும் கிளம்புவோம் என்றது. 1968 ஜனவரி 16-ல் பிரதமர் ஹெரால்ட் வில்சன் நாடாளுமன்றத்தில் சொன்னது 1971. இரண்டே வருடத்துக்குள் மூன்று வெவ்வேறு பதில்கள்.

கடைசி இரண்டு பதில்களுக்கும் இடையில் என்ன நடந்தது? புதிதாகப் போர் எதுவும் தொடங்கவில்லை. எதிரி யாரும் மாறவில்லை. 1967 நவம்பர் 18-ல் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். புதிதாக வந்த நிதியமைச்சர் ராய் ஜென்கின்ஸ் செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தார். வில்சன் அன்று படித்த அறிவிப்பில் சிங்கப்பூர் தளம் மட்டும் இல்லை. மருந்துச் சீட்டுக்கு மறுபடியும் கட்டணம், உயர்நிலைப் பள்ளிகளில் இலவசப் பால் நிறுத்தம், கட்டாயப் பள்ளி வயதை 16 ஆக உயர்த்தும் திட்டம் இரண்டு வருடம் தள்ளிவைப்பு, அமெரிக்காவிடம் கேட்டிருந்த 50 எஃப்-111 விமானங்கள் ரத்து, எல்லாமே ஒரே பட்டியலில் வந்தன. பிள்ளைகளின் பாலை நிறுத்திவிட்டு மலாக்கா நீரிணையில் கப்பல் வைத்திருக்கத் தொழிற்கட்சி எம்.பி.க்கள் சம்மதிக்க மாட்டார்கள். பாலும் போகவேண்டும் என்றால் படைத்தளமும் போகவேண்டும். இதுதான் அந்த அமைச்சரவையின் கணக்கு.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பாதுகாப்பு உத்தி மாறுவதை நாம் ராணுவ வல்லுநர்களின் பேச்சில் தேடுகிறோம். மாற்றம் பெரும்பாலும் வரவுசெலவுக் கணக்கிலும், வேறு எதை வெட்டினால் எந்த வாக்காளர் கோபப்படுவார் என்ற பேச்சிலும்தான் பிறக்கிறது. சிங்கப்பூரின் தலைவிதியைத் தீர்மானித்த அந்த மேஜையில் சிங்கப்பூரைப் பற்றிய கோபமோ அலட்சியமோ இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த மேஜையில் இருந்த செலவுப் பட்டியலில் சிங்கப்பூர் ஒரு வரி, அவ்வளவுதான். நட்பு நாட்டுக்கு இதைவிட வேதனையான நிலை வேறென்ன?

வளைகுடாவில் நடந்தது இன்னும் மோசம். 1967 நவம்பரில் வெளியுறவுத் துறை இணையமைச்சர் கோரன்வி ராபர்ட்ஸ் அங்கே போய், நாங்கள் இங்கேயேதான் இருப்போம் என்று ஷேக்குகளுக்கு உறுதி சொல்லிவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து, 1968 ஜனவரியில், அதே மனிதரை மறுபடியும் அனுப்பி, நாங்கள் போகிறோம் என்று சொல்ல வைத்தார்கள். முதல் தடவை அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அப்போது அது உண்மையாகவே இருந்திருக்கும். படைகளுக்கான செலவை நாங்களே தருகிறோம், இருங்கள் என்று அபுதாபி ஷேக் கேட்டுப் பார்த்தார். பிரிட்டன் ஏற்கவில்லை. 1971 நவம்பர் 30-ல், பிரிட்டனின் பாதுகாப்பு ஒப்பந்தம் முடிவுக்கு வருவதற்கு முந்தைய நாள், ஈரான் படைகள் அபு மூசா, டன்ப் தீவுகளில் இறங்கின. டிசம்பர் 2-ல் ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. ஒப்பந்தப்படி பார்த்தால் அந்த ஒரு நாள் இன்னும் பிரிட்டனின் பொறுப்பில்தான் இருந்தது. யாரும் வரவில்லை. அந்தத் தீவுகள் இன்றும் ஈரானிடம்தான் இருக்கின்றன. காவல்காரர் போகும் தேதி தெரிந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் நாட்காட்டியைப் பார்ப்பார். தேதியை அறிவிப்பதே ஒரு ஆபத்து என்று சொல்வது இதனால்தான்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். எனக்கு மனதுக்கு நெருக்கமான பகுதி இது.

அந்த அறிவிப்பு வந்தபோது சிங்கப்பூர் தனி நாடாகி இரண்டரை வருடம்கூட ஆகவில்லை. தனி நாடானபோது கையில் இருந்தவை இரண்டு காலாட்படைப் பட்டாளங்கள்தான். அறிவிப்பு வந்தபோதும் விமானப்படை கிடையாது. பிரிட்டிஷ் தளங்களின் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதாவது படை போனால் காவல் மட்டும் போகாது, சோறும் போகும்.

செம்பவாங் பக்கம் போனால் இன்றும் இதைப் பார்க்கலாம். கான்பெரா, வெலிங்டன், மால்டா, ஜிப்ரால்டர் என்று சாலைகளுக்குப் பெயர். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கொடி பறந்த ஊர்களின் பட்டியல் அது. அங்கே 1938-ல் திறந்த பிரம்மாண்டமான உலர் துறையில், மராமத்துப் பட்டறைகளில், கிடங்குகளில் வேலை செய்தவர்களில் மலையாளிகளும் தமிழர்களும் ஏராளம். "நேவல் பேஸில் வேலை" என்றால் அந்தக் காலத்தில் கல்யாணப் பேச்சில் ஒரு மதிப்பு. தளத்துத் தொழிலாளர்கள் தொடங்கிய புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் பின்னால் ஈசூனுக்கு மாறினாலும் பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் இன்றும் வருகின்றன. அதிகாரிகளின் வீட்டில் சமைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள், தோட்டம் பார்த்தவர்கள், கேட்டுக்கு வெளியே கடை வைத்திருந்தவர்கள் என்று அந்தச் சம்பளத்தை நம்பி இன்னொரு கூட்டம். 1968-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத பலர், கையில் கிடைத்த பணிக்கொடையோடு கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் திரும்பினார்கள். "பாதுகாப்பு உத்தி மாற்றம்" என்று நாம் இன்று எழுதுகிற சொல்லுக்கு, ஐம்பது வயதில் கப்பலேறி ஊர் திரும்பிய அந்த மனிதர்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார்.

சிங்கப்பூர் பிழைத்தது எப்படி என்று கேட்டால், பலரும் லீ குவான் இயூவின் சாமர்த்தியம் என்று முடித்துவிடுவார்கள். சாமர்த்தியம் இருந்தது உண்மைதான். அறிவிப்புக்குச் சில நாள் முன்னால் அவசரமாக லண்டனுக்குப் பறந்து, 1971 மார்ச் என்று குறித்திருந்த தேதியை டிசம்பர் வரை தள்ளிப்போட வைத்தார். மொத்தமாகப் பார்த்தால் கிடைத்தது ஒன்பது மாதம். ஒரு பிரதமர் நேரில் போய் மன்றாடினாலும் அவ்வளவுதான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

காப்பாற்றியது வேறு. பிரிட்டன் கிளம்புவதாகச் சொல்லும் முன்பே சிங்கப்பூர் வேலையைத் தொடங்கியிருந்தது. 1965-ல் தனி நாடானதும் முதலில் இந்தியாவிடமும் எகிப்திடமும்தான் ராணுவ உதவி கேட்டார்கள். சாஸ்திரியிடமிருந்து வாழ்த்து வந்தது, ஆலோசகர்கள் வரவில்லை. அந்த வருடக் கடைசியில் இஸ்ரேலிய அதிகாரிகள் ரகசியமாக வந்தார்கள். வெளியே தெரியாமலிருக்க அவர்களை "மெக்சிகோக்காரர்கள்" என்று அழைத்தார்கள். அமைச்சர் கோ கெங் சுவீ பாதுகாப்பைப் பார்த்துக்கொண்டார். கட்டாயத் தேசிய சேவைச் சட்டம் 1967 மார்ச்சில் நிறைவேறியது. பிரிட்டனின் "1970-களின் நடு" அறிக்கை வந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. இப்படி நான்கு மாதம் முந்திக்கொண்டதுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நினைக்கிறேன். பயம் வந்தபின் படை கட்டத் தொடங்கியிருந்தால் 1971 டிசம்பரில் கையில் எதுவும் இருந்திருக்காது.

பொருளாதாரப் பக்கமும் அப்படியே. தளங்களை என்ன செய்வது என்று பார்க்கவே தனியாக ஒரு அரசுப் பிரிவு தொடங்கினார்கள். செம்பவாங் கப்பல் பட்டறை ஒரே ஒரு டாலர் பெயரளவு விலைக்குக் கைமாறி, 1968-லேயே வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் நிறுவனமாக மாறியது. முதலில் நடத்தித் தந்தது ஸ்வான் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். சாங்கியில் இருந்த விமானப்படைத் தளம் 1981-ல் விமான நிலையமானது. பிளாக்காங் மாத்தி என்ற ராணுவத் தீவு செந்தோசா ஆனது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1968-ன் தொழிலாளர் சட்டங்கள் முதலாளிகளின் கையைப் பலப்படுத்தின, தொழிற்சங்கங்களின் பேரம் பேசும் உரிமையைச் சுருக்கின. "நாடே ஆபத்தில் இருக்கிறது" என்ற வாதத்துக்கு எதிராக யாராலும் பேச முடியவில்லை. வல்லரசு விட்டுப்போன நாட்டில் ஆளும் கட்சியின் பிடி இறுகுவது தற்செயலாக நடப்பதில்லை. கொரியாவிலும் இதையே பார்க்கப் போகிறோம்.

மலேசியா வேறு வழியில் போனது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே முன்னாள் அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் நாடாளுமன்றத்தில் ஒரு யோசனை வைத்தார்: தென்கிழக்காசியாவையே நடுநிலை வட்டாரமாக்கி, பெரிய வல்லரசுகள் அதற்கு உத்தரவாதம் தரட்டும். 1971 நவம்பரில் ஆசியான் நாடுகள் கோலாலம்பூரில் அந்த வழியிலேயே ஒரு பிரகடனம் செய்தன. 1974-ல் மலேசியா சீனாவுடன் தூதரக உறவு வைத்துக்கொண்டது, ஆசியான் நாடுகளில் முதலாவதாக. பழைய பாதுகாவலர் போனதும் பழைய எதிரியோடு பேச்சு தொடங்குவது துரோகம் இல்லை, வேறு வழி இல்லாததால் வருகிற பக்குவம்.

ஆஸ்திரேலியாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களுக்கு இந்த அடி இரண்டாவது தடவை. முதல் அடி 1941-42-ல் இதே சிங்கப்பூரில் விழுந்தது. ஆபத்து வந்தால் பெரிய கப்பற்படை சிங்கப்பூருக்கு வரும் என்று இருபது வருடம் நம்ப வைத்திருந்தார்கள். வந்தது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய கப்பல்களும் சில துணைக் கப்பல்களும்தான். அந்த இரண்டு பெரிய கப்பல்களையும் டிசம்பர் 10-ல் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அந்த மாதக் கடைசியிலேயே பிரதமர் ஜான் கர்ட்டின், ஆஸ்திரேலியா இனி அமெரிக்காவைத்தான் நோக்குகிறது என்று வெளிப்படையாக எழுதினார். 1951-ல் அமெரிக்காவோடும் நியூசிலாந்தோடும் ஒப்பந்தம் போட்டார்கள். அதனால் 1968-ல் அவர்களுக்குக் கோபம் வந்தது, கலக்கம் வரவில்லை. ஒரு காப்பீடு காலாவதியாகும்போது இன்னொன்று கையில் இருந்தது.

1971 நவம்பர் 1-ல் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு வந்தது: பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர். இது இன்றும் உயிரோடு இருக்கிறது. கூட்டுப் பயிற்சிகள் நடக்கின்றன, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கூட்டு வான் பாதுகாப்புத் தலைமையகம் இயங்குகிறது. ஆனால் வினைச்சொல்லைப் பாருங்கள். பழைய ஒப்பந்தத்தில் பிரிட்டன் "உதவி அளிக்கும்". புதியதில் ஐந்து நாடுகளும் கூடி "கலந்தாலோசிக்கும்". கொள்கை மாற்றத்தின் முழு எடையும் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. இன்று ஏதாவது ஒரு வல்லரசின் அறிக்கையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது வினைச்சொல்லைத்தான். காப்போம் என்கிறார்களா, துணை நிற்போம் என்கிறார்களா, ஊக்குவிப்போம் என்கிறார்களா?

இந்தக் கதையில் யாருமே பேசாத ஒரு கூட்டம் உண்டு. பிரிட்டன் கிளம்பினாலும் இந்தியப் பெருங்கடலில் மேற்கு நாடுகளுக்கு ஒரு தளம் வேண்டும் என்று, 1965-லேயே சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரிஷியஸிலிருந்து பிரித்து வைத்திருந்தார்கள். அதில் உள்ள டியாகோ கார்சியா தீவை அமெரிக்காவுக்குக் கொடுப்பதற்காக, 1968-க்கும் 1973-க்கும் இடையில் அந்தத் தீவுகளின் மக்கள் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 பேரை மொரிஷியஸிலும் சீஷெல்ஸிலும் கொண்டுபோய் விட்டார்கள். லண்டனுக்குப் பறந்து ஒன்பது மாதம் அவகாசம் கேட்க அவர்களுக்கு ஒரு பிரதமர் இல்லை. வல்லரசின் உத்தி மாற்றத்தை எடைபோடும்போது நட்பு நாடுகளின் தலைநகரங்களை மட்டும் பார்த்தால் இந்த மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள். 2021-ல் கடலில் தத்தளித்து அதே டியாகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்ட ஈழத் தமிழ் அகதிகள் மூன்று வருடத்துக்கும் மேல் அங்கே முடங்கிக் கிடந்தபோதுதான் நம்மில் பலருக்கு அந்தத் தீவின் பெயரே தெரிந்தது.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். பிரிட்டனின் அறிவிப்புக்குப் பதினெட்டு மாதம் கழித்து, 1969 ஜூலையில் பசிபிக் தீவான குவாமில் அதிபர் நிக்சன் சொன்னதும் ஏறக்குறைய அதே விஷயம்: அணு ஆயுத மிரட்டலிலிருந்து காப்போம், பண உதவி செய்வோம், ஆனால் தரையில் நின்று சண்டை போடும் ஆட்களை நீங்களே தரவேண்டும். தென் கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ இதைக் கேட்டபோது அவருடைய வீரர்கள் ஏறக்குறைய 50,000 பேர் வியட்நாமில் அமெரிக்காவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு செய்தால் அமெரிக்கப் படை நம் மண்ணில் இருக்கும் என்பது அவர் கணக்கு. 1971-ல் அமெரிக்காவின் ஏழாவது காலாட்படை டிவிஷன், சுமார் 20,000 பேர், கொரியாவிலிருந்து கிளம்பிவிட்டது. நட்புக்காகச் செய்த தியாகம் சேமிப்புக் கணக்கில் ஏறாது என்று சியோல் அன்று கற்றுக்கொண்டது.

அதற்குப் பார்க் காட்டிய எதிர்வினைகளைச் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். 1970-ல் சொந்த ஆயுத ஆராய்ச்சி நிறுவனம். 1972 ஜூலையில் வட கொரியாவோடு கூட்டறிக்கை. அதே அக்டோபரில் ராணுவச் சட்டம், பிறகு தன்னை ஆயுள்வரை பதவியில் வைக்க வழிசெய்த யூஷின் அரசியலமைப்பு. ரகசியமாக அணு ஆயுத முயற்சி, அதை அமெரிக்கா அழுத்தம் கொடுத்து நிறுத்தியது. 1973-ல் உருக்கு, கப்பல், இயந்திரம் என்று கனரகத் தொழில் திட்டம். அதன் பகுதியாகத் தெற்கே சாங்வானில் ஒரு பெரிய இயந்திரத் தொழில் நகரம். நல்லதும் கெட்டதும் ஒரே பயத்திலிருந்து பிறந்தவை. ஆயுதம் செய்யத் தெரிந்த கொரியாவும், மாணவர்களைச் சிறையில் தள்ளிய கொரியாவும் ஒன்றுதான்.

ஆக, கேட்டவருக்கு என் பதில்: நட்பு நாடு என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதில் எழுதாத ஒரு காலாவதித் தேதியும் இருக்கிறது, அந்தத் தேதி பெரும்பாலும் நினைத்ததற்கு முன்பே வந்துவிடும். ஐரோப்பா இதை இப்போதுதான் உணர்கிறது. 2025 மார்ச்சில் ஜெர்மனி, கடன் வாங்குவதற்குத் தன் அரசியலமைப்பில் போட்டிருந்த பூட்டைப் பாதுகாப்புச் செலவுக்காகத் தளர்த்தியது. அதே ஜூனில் ஹேக் மாநாட்டில் நேட்டோ நாடுகள், 2035-க்குள் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கும் அதைச் சார்ந்த செலவுகளுக்கும் ஒதுக்க ஒப்புக்கொண்டன. இதில் எனக்கு உள்ள கவலை, அந்தப் பணத்துக்கு இணையாக எந்த நாட்டில் எந்தப் பால் நிறுத்தப்படும் என்பதுதான்.

போலந்து மட்டும் காத்திருக்கவில்லை. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த 2022-லேயே ஆயுதம் வாங்கக் கிளம்பியது. எங்கே கிடைக்கும் என்று தேடியபோது, சீக்கிரமாகச் செய்து கொடுக்க முடிந்தது தென் கொரியாவால்தான். ஒப்பந்தம் போட்ட ஆறு மாதத்துக்குள், 2022 டிசம்பரில், பால்டிக் கடலோரம் கிடினியா துறைமுகத்தில் கப்பலிலிருந்து கே2 டாங்கிகளும் கே9 பீரங்கிகளும் இறங்கின. அந்த டாங்கிகள் செய்யப்பட்ட இடம் சாங்வான்.